முன்பணமாக ஒரு நன்றி

பூமி குலுங்கி முடித்த அன்று மாலையே எங்கள் ஊருக்கு அனுதாபம் வந்துவிட்டது. தண்ணீர் வரவில்லை, ரொட்டி வரவில்லை, டாக்டர் வரவில்லை. அனுதாபம் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. நான் செல்போன் கடை வைத்திருந்தவன். கடை தனக்குள்ளேயே இடிந்து உட்கார்ந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்த செல்போன் ஒன்றுதான் மிச்சம். அதில்தான் செய்தி வந்தது. ‘நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் துயரத்தில் அனுதாபம் மற்றும் ஆதரவுத் துறை முழுமையாகப் பங்கேற்கிறது.’ நான் சத்தமாகப் படித்துக் காட்டியதும் எல்லோரும் சாலையைத் திரும்பிப் பார்த்தார்கள். பங்கேற்க யாரும் வருகிற மாதிரி தெரியவில்லை.

மார்க்கெட் பக்கம் நாங்கள் கையால் தோண்டி எடுத்தவர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது. எங்கள் தெருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் தெருவில் உயிர்கள் தப்பின, வீடுகள் தப்பவில்லை. நின்றுகொண்டிருந்த ஒன்றிரண்டு சுவர்களையும் நம்ப முடியவில்லை. பூமி அவ்வப்போது மறுபடியும் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. ஆகவே தெரு மொத்தமும் பள்ளிக்கூட மைதானத்தில் வானத்தைப் பார்த்துப் படுத்தோம். எங்களில் பூட்டுக்காரரின் மகளும் ஒருத்தி. நிறைமாதம். அவள் கணவன் கடல் கடந்து வேலைக்குப் போனவன். விமான நிலையம் மூடிக்கிடந்ததால் அங்கேயே நின்று தவித்துக்கொண்டிருந்தான். மழைக்காலம் தொடங்கும் நேரம் வேறு. மேகத்தையும் மகளின் வயிற்றையும் மாறி மாறிப் பார்ப்பதே அவள் அம்மாவுக்கு வேலையாகிவிட்டது.

தலைநகருக்கு ஓர் ஆளை அனுப்பிக் கூடாரம் கேட்பது என்று முடிவானது. யாரை அனுப்புவது? கொத்தனாரை விட முடியாது, தச்சரை விட முடியாது, நர்சம்மாவை நிச்சயம் விட முடியாது. பூட்டுக்காரருக்கு மட்டும்தான் அப்போது கைவேலை இல்லை. ஊரில் கதவே இல்லாதபோது பூட்டை எதில் மாட்டுவது? மேலும் அவர் பொறுமைசாலி. துருப்பிடித்த பூட்டோடு அரைநாள் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பார். அரசு அலுவலகத்துக்கு அப்படிப்பட்டவர்தான் சரி என்று எல்லோருக்கும் தோன்றியது.

"அங்க போய் நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்டார் அவர்.

"உள்ளதைச் சொல்லுங்க," என்றார் அவர் மனைவி. "வீடு இல்ல, மழை வருது, பொண்ணு நிறைமாசம். இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு?"

அந்த அம்மாள் அதுவரை எந்த அரசு அலுவலகத்துக்கும் போனதில்லை.

தலைநகரில் நடந்ததெல்லாம் அவர் திரும்பி வந்து எங்களிடம் சொன்னது. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

துறையின் கட்டடத்தில் ஒரு கீறல்கூட இல்லையாம். வாசலில் ‘எந்நேரமும் உங்களுடன்’ என்று பெரிய எழுத்தில் பலகை. அதன் கீழே சின்ன எழுத்தில், பார்வையாளர் நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. பூட்டுக்காரர் போனபோது பதினொன்று. காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து, "வெள்ளமா, தீயா, நிலநடுக்கமா?" என்று கேட்டார்.

"நிலநடுக்கம்."

காவலாளி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "வருந்துகிறேன். பையைத் திறந்து காட்டிட்டு உள்ள போங்க."

கட்டடத்தின் முதல் மாடியில் அதிர்ச்சிப் பிரிவு, இரண்டாம் மாடியில் வருத்தப் பிரிவு, மூன்றாம் மாடியில் ஆழ்ந்த துயரப் பிரிவு. ஆதரவுப் பிரிவு எங்கே என்று தேடினார். அது மாடிப்படிக்குக் கீழே, தரை துடைக்கிற வாளிக்குப் பக்கத்தில், ஒரே ஒரு மேஜையாக இருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை.

"ஆதரவு சாரை அனுதாபத்துக்கு எடுத்துட்டாங்க," என்றார் அந்தப் பக்கம் வந்த பியூன். "மேல வேலை ஜாஸ்தி, ஆள் பத்தல. நீங்க முதல் மாடியில இருந்து முறையா வாங்க."

முறையாகப் போனார். அதிர்ச்சிப் பிரிவின் கண்காணிப்பாளர் ஒரு நடுவயது அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, எங்கிருந்து வருகிறார் என்று கேட்டார். இவர் சொன்னார். அம்மாளின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நேரடியா பாதிக்கப்பட்டவரா?"

"ஆமாம்மா."

"எல்லாரும் இங்க வாங்க. பாதிக்கப்பட்டவரே வந்திருக்காரு."

அந்த அறையில் இருந்தவர்கள் பேனாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். விஷயம் என்னவென்றால், துறை தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் அனுதாபத்தை அனுப்பித்தான் பழக்கம். வாங்கிக்கொள்கிற மனிதன் ஒருவனையும் கண்ணால் பார்த்ததில்லை. ஒத்திகைக்கு இதுவரை பியூனைத்தான் உட்கார வைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். கேட்டுக் கேட்டுப் பியூனுக்கு வீட்டில் ஒரு குறையும் இல்லாமலே முகம் தொங்கிப்போய்விட்டது.

பூட்டுக்காரரை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அலுவலர்கள் பதவி வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து, கண்ணை அகல விரித்து, "அதிர்ச்சி அடைந்தேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

"ரொம்ப சந்தோஷங்க," என்றார் இவர், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். "கூடாரம் விஷயமா வந்தேன்."

"நாங்களே அதிர்ச்சியில இருக்கோம்," என்றார் கண்காணிப்பாளர் அம்மாள், சற்று மனம் புண்பட்டவராக. "இந்த நேரத்துல எப்படிங்க கூடாரம் பேசறது? உங்க தெருவுல எத்தனை உயிர்?"

"எங்க தெருவுல எல்லாரும் தப்பிச்சிட்டோம்மா. வீடுங்கதான் போச்சு."

அம்மாளின் முகம் விழுந்தது. "அடடா. அப்போ உங்களுக்கு வருத்தம்தான் வரும். ஆழ்ந்த துயரம் வராது."

"பரவால்லம்மா, எங்களுக்கு வருத்தமே போதும். மழைக்கு முன்னாடி கூடாரம் மட்டும்..."

"அப்படி விட்டுக் குடுக்காதீங்க. ஏமாளியா இருக்கீங்களே. ஊரோட சேர்த்துக் கணக்குக் காட்டி நான் உங்களுக்கு ஆழ்ந்த துயரமே வாங்கித் தர்றேன். எனக்கு மேல ஆள் இருக்கு."

நல்ல மனசு அந்த அம்மாளுக்கு. அதை நான் மறுக்கவில்லை. துறையில் எல்லோருக்குமே நல்ல மனசுதான்; அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மறுநாள் மூன்றாம் மாடியில் மௌன அஞ்சலி. மொத்தத் துறையும் கூடத்தில் திரண்டு நின்றது. ஒரு நிமிடம்தான். மௌனம் பாதியில் இருக்கும்போது ஒருவருடைய செல்போன் பாட ஆரம்பித்தது. துறை விதிப்படி மௌனம் கலைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினார்கள். இரண்டாவது முறை ஒருவர் தும்மினார். தும்மல் மௌனத்தைக் கலைக்குமா, அது இயற்கையா என்று அரைமணி நேரம் சத்தமாக விவாதித்தார்கள். மூன்றாவது முறை தேநீர் வந்துவிட்டது. தேநீர் ஆறினால் யாருக்கும் பிடிக்காது என்பதால் குடித்துவிட்டு மறுபடி நின்றார்கள். மதியம் ஆகும்வரை அந்த ஒரு நிமிடம் முடியவில்லை. பூட்டுக்காரருக்குக் கால் கடுத்தது. ஜன்னல் வழியே மேகம் தெரிந்ததும் அவரால் பொறுக்க முடியாமல், பக்கத்தில் நின்றவரிடம், "சார், கூடாரத்துக்கு யாரைப் பார்க்கணும்?" என்று காதோடு கேட்டார்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "பேசாதீங்க. உங்களுக்காகத்தான் இந்த மௌனமே."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

மௌனம் ஒருவழியாக முடிந்ததும் பூட்டுக்காரரை இயக்குநரின் அறைக்கு அழைத்துப் போனார்கள். இயக்குநர் கம்பீரமான ஆள். எழுந்து வந்து, இவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அந்தச் சாய்வுக்குத் துறையில் தனிப் பயிற்சி உண்டாம்.

"செய்தி கேட்டப்ப நான் காலைச் சாப்பாட்டுல இருந்தேன்," என்றார் இயக்குநர். "பாதியில எழுந்துட்டேன். என் மனைவி கூட, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கன்னு சொன்னா. என்னால முடியல. அந்த ஒரு நாள் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. அனுதாபச் செய்தியில ‘மிகுந்த வேதனை’ன்னு போடறதா, ‘சொல்லொணா வேதனை’ன்னு போடறதா? சொல்லொணான்னு போட்டா, சொல்ல முடியாததை எப்படிச் சொன்னீங்கன்னு மேலிடத்துல கேப்பாங்க. இதையெல்லாம் யார் நினைச்சுப் பாக்கறாங்க? எல்லாரும் வீடு இடிஞ்சவங்களைத்தான் பாக்கறாங்க. அனுதாபப்படறவனுக்கு யார் அனுதாபப்படறாங்க, சொல்லுங்க."

அவர் குரல் தழுதழுத்தது. பூட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க சார், எல்லாம் சரியாயிடும். வேளாவேளைக்கு ஏதாவது சாப்பிடுங்க," என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். இயக்குநர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, இவருக்கு வேண்டியதைச் செய்யும்படி ஆதரவு அலுவலரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆதரவு அலுவலர் ஒல்லியான மனிதர். அன்று மௌனத்தில் மூன்றாவது வரிசையில் நின்றவர். பூட்டுக்காரரைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போய்க் கிடங்கைக் காட்டினார். உள்ளே கூரை முட்டக் கூடாரங்கள். புதிதாக, மடிப்புக் கலையாமல், பச்சை நிறத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். பூட்டுக்காரர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். நல்ல கனமான துணி. எந்த மழையும் உள்ளே இறங்காது. அவருக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

"இதுல எங்க தெருவுக்கு மட்டும் கொடுத்தா போதும் சார். நானே லாரி பிடிச்சு ஏத்திக்கிறேன்."

"தாராளமா. கொடுக்கறதுக்குத்தானே வெச்சிருக்கோம்," என்றார் அலுவலர். "நன்றி மட்டும் சொல்லிடுங்க."

"ரொம்ப நன்றி சார்."

"இப்படி இல்ல. முறையா, கேமரா முன்னாடி. முன்னெல்லாம் பொருளைக் கொடுத்துட்டு நன்றிக்காகக் காத்துக்கிட்டு இருப்போம். ஜனங்க வாங்கிட்டுப் போயிடுவாங்க. கேட்டா, கூரை போடற அவசரத்துல இருந்தோம்னு சொல்லுவாங்க. வருஷக் கடைசியில நன்றி குறைஞ்சுதுன்னு இயக்குநருக்கு மேலிடத்துல திட்டு. அதனால இப்ப நடைமுறையை மாத்திட்டோம். முதல்ல நன்றி. அப்புறம்தான் ஆதரவு."

பூட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். ஆனால் பூட்டு செய்பவருக்கும் முன்பணம் வாங்கிப் பழக்கம் உண்டு. இதுவும் அப்படி ஒன்று போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டார்.

படம் பிடிக்கும் அறையில் சுவர் முழுக்க இடிபாடு வரைந்த திரை தொங்கியது. நிஜ இடிபாடு கேமராவில் எடுப்பாக விழாதாம். இவர் சட்டை கொஞ்சம் சுத்தமாக இருந்தது. கழற்றச் சொல்லி, தோள் கிழிந்த சட்டை ஒன்றை மாட்டி, தலையில் வெள்ளைப் பொடியைத் தூவினார்கள். உண்மையான சுண்ணாம்பும் சிமெண்டும் அதே தலையிலிருந்து போக அவர் முந்தின வாரம்தான் தேய்த்துத் தேய்த்துக் குளித்திருந்தார்.

"நன்றி சொல்றப்ப கண்ணு கலங்கணும்," என்று சொல்லிக் கொடுத்தார் கண்காணிப்பாளர் அம்மாள். "ஆனா கண்ணீர் கீழ விழக்கூடாது. விழுந்தா, துறை லேட்டா வந்த மாதிரி இருக்கும்."

கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். அதில் எழுதியிருந்ததைப் பார்த்து இவர் தயங்கினார். "‘கூடாரங்கள் கிடைத்தன, எங்கள் பெண்களும் குழந்தைகளும் நனையாமல் உறங்குகிறார்கள்’னு போட்டிருக்கே. இன்னும் கிடைக்கலையேம்மா?"

"கிடைக்கத்தானே போகுது? கிடைச்ச பிறகு யார் வேணும்னாலும் நன்றி சொல்லுவாங்க. முன்னாடியே சொல்றதுலதான் எங்க மேல உங்களுக்கு இருக்கற நம்பிக்கை தெரியும்."

கிடங்கில் தொட்ட துணி இன்னும் விரலில் இருந்தது. மகள் அதன் கீழே காலை நீட்டிப் படுத்திருப்பதை நினைத்துக்கொண்டு, அட்டையில் இருந்ததை அப்படியே சொன்னார். கண்ணீர் கீழே விழுந்தது. இருந்தாலும் எல்லோரும் கைதட்டினார்கள். கண்காணிப்பாளர் அம்மாள் நிஜமாகவே அழுதார்.

மறுநாள் காலையில் லாரி ஒன்றைப் பேசி வாசலில் நிறுத்திவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஆதரவு மேஜைக்குப் போனார். ஆதரவு அலுவலர் எழுந்து நின்று கை குலுக்கினார்.

"வாழ்த்துகள். உங்க வேலை முடிஞ்சுபோச்சு."

"கூடாரம் ஏத்தலாமா சார்?"

"எந்தக் கூடாரம்?"

"நேத்து காட்டினீங்களே."

"அது கிடைச்சாச்சே. நாடே பார்த்துச்சு. நீங்களே உங்க வாயால சொன்னீங்க, பொண்ணுங்க எல்லாம் நனையாம தூங்கறாங்கன்னு. எனக்கே மனசு குளுந்துபோச்சு."

"சார், கிடைக்கல. கிடைக்கப்போகுதுன்னு நீங்க சொன்னதால..."

அலுவலர் இவரை உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை. அந்தத் துறையில் கோபத்துக்குத் தனிப் பிரிவு இல்லை. "இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க," என்றார். "கிடைக்கலன்னு நீங்க இப்ப சொன்னா, நேத்து சொன்னது பொய்யின்னு ஆகும். பொய் நன்றி சொல்லித் துறையை ஏமாத்தினது பெரிய குத்தம். கிடைச்சுதுன்னு சொன்னா ஒரு பிரச்சினையும் இல்ல. உங்களுக்கு எது வசதி?"

"எனக்குக் கூடாரம்தான் சார் வசதி."

"உங்க நிலைமை புரியுது. உண்மையாவே வருந்துகிறேன்," என்று அலுவலர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

பூட்டுக்காரர் படியேறி இயக்குநரிடமே ஓடினார். இவர் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் கட்டிப் பிடித்துக்கொண்டார். நன்றியை மேலிடம் பார்த்துவிட்டதாம். இப்படி ஒரு நன்றி எந்தத் துறைக்கும் வந்ததில்லையாம். "நன்றியை நேர்லயே வந்து வாங்கிக்கறதா முடிவு பண்ணிட்டோம். உங்க மைதானத்துலயே நன்றி ஏற்பு விழா. நேரடி ஒளிபரப்பு. உங்க ஜனங்க முகத்துல இருக்கற சந்தோஷத்தை நான் பக்கத்துல இருந்து பார்க்கணும்."

பூட்டுக்காரர் கடைசி முயற்சியாக ஒன்று கேட்டார். "வரும்போது கூடாரம் எடுத்துட்டு வருவீங்களா சார்?"

"கட்டாயம்," என்றார் இயக்குநர். "மழை வர்ற மாதிரி இருக்கு. இல்லேன்னா நாங்க எங்க உட்கார்றது?"

இங்கே மைதானத்தில் நாங்கள் அந்த நன்றியை என் செல்போனில் பார்த்திருந்தோம். தலையில் பொடியோடு இவர் அழுததைப் பார்த்து எங்களுக்கும் அழுகை வந்தது. உடனே எல்லோரும் எழுந்து கல்லைப் பொறுக்கி, மேடு பள்ளத்தை நிரவி, ஓரத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டி, கூடாரம் போட இடம் தயார் செய்தோம். ஆகவே பூட்டுக்காரர் வெறுங்கையோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தெரு மொத்தமும் கையில் மண்வெட்டியோடு அவரைப் பார்த்து நின்றது.

"கூடாரம் எங்க?" என்று குழாய் ரிப்பேர் செய்கிறவர் கேட்டார். "கிடைச்சுதுன்னு சொன்னீங்களே. வழியில யாருக்காவது தள்ளிவிட்டுட்டீங்களா?"

பூட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. அந்தக் கதையைக் கேட்டு உடனே நம்பியிருந்தால்தான் எங்களைச் சந்தேகப்பட வேண்டும். அவர் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டை இழந்தபோதுகூட அந்த மனிதர் அப்படித் தலை குனியவில்லை.

மகள்தான் பேசினாள். "அப்பா அழுதது நிஜம். எனக்கு அவரைத் தெரியும். யாரும் எதுவும் சொல்லாதீங்க."

அவர் மனைவி மட்டும் வேறு எதுவோ யோசித்துக்கொண்டிருந்தார். "விழாவுக்குக் கூடாரம் வருதுன்னு சொன்னீங்களே, அது நிஜமா?"

"அது அவங்க உட்கார்றதுக்கு."

"எவ்வளவு பெரிசு?"

பெரிதாகத்தான் இருந்தது. விழாவன்று காலையில் இரண்டு லாரிகளில் வந்தது. எங்கள் தெரு மாதிரி இரண்டு தெருக்கள் அதற்குள் காலை நீட்டிப் படுக்கலாம். இரட்டைத் துணி, ஓரங்களில் கண்ணாடி ஜன்னல், தரைக்கு மரப்பலகை, அதன்மேல் ஜமுக்காளம். நாங்கள் நிரவி வைத்திருந்த இடத்திலேயே முளை அடித்தார்கள். தரை இவ்வளவு சமமாக இருப்பது நிலநடுக்கப் பகுதியில் அபூர்வம் என்று வேலைக்காரர்கள் பாராட்டினார்கள்.

உள்ளே நாற்காலிகளில் துறை உட்கார்ந்தது. வெளியே கயிறு கட்டி, ‘பாதிக்கப்பட்டோர்’ என்று அட்டை மாட்டி, எங்களை நிறுத்தினார்கள். நாங்களும் உள்ளே வந்தால் யார் பாதிக்கப்பட்டவர், யார் ஆறுதல் சொல்பவர் என்று கேமராவுக்குக் குழப்பம் வருமாம்.

இயக்குநர் மைக் முன்னால் வந்தார். "இந்த நிலநடுக்கம் உங்களைத் தாக்கியது சில நொடிகள். எங்களை இன்றுவரை தாக்கிக்கொண்டிருக்கிறது. எத்தனை கூட்டங்கள், எத்தனை அறிக்கைகள், எத்தனை மௌனங்கள். நீங்கள் இழந்தது வீடுகளை. நாங்கள் இழந்தது விடுமுறைகளை. ஆயினும் நாங்கள் உங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, நன்றியைத் தவிர."

அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தூறலாக அல்ல, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. எங்களில் யாருக்கும் குடை இல்லை. இயக்குநர் மழையைப் பார்த்துப் பேச்சை வளைத்தார். "பாருங்கள், வானமே உங்களுக்காக அழுகிறது. நீங்கள் நனைகிறீர்கள். உங்களைப் பார்த்து எங்கள் இதயம் நனைகிறது." உள்ளே அவருடைய இதயத்தைத் தவிர வேறெதுவும் நனையவில்லை. இங்கே பூட்டுக்காரரின் மகள் ஒரு கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி, பல் கிட்ட நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அம்மா கயிற்றை அவிழ்த்தார். மகளின் தோளைப் பிடித்து நேராகக் கூடார வாசலுக்கு நடத்திப் போனார். காவலாளி குறுக்கே வந்து, "அம்மா, இது விருந்தினருக்கு," என்றார். இவர் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், முதல் வரிசையில் காலியாக இருந்த இயக்குநரின் நாற்காலியில் மகளை உட்கார வைத்தார். அதில் விரித்திருந்த பூத்துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டத் தொடங்கினார். கேமரா எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அவர்கள் பக்கம் திரும்பியது.

"என்னம்மா இது," என்றார் இயக்குநர் மைக்கிலிருந்து வாயை விலக்கி. "இது துறையோட கூடாரம்."

"இருக்கட்டும் சார்," என்றார் அந்த அம்மாள், துவட்டுவதை நிறுத்தாமல். "இதுக்குத்தானே எங்க வீட்டுக்காரர் நன்றி சொன்னாரு?"

யாரும் பேசவில்லை. துறை அதுவரை அனுஷ்டித்த மௌனங்களிலேயே அதுதான் கலையாமல் நின்ற மௌனம்.

இயக்குநர் ஆதரவு அலுவலரைப் பார்த்தார். அலுவலர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். பாவம், அவர் நடைமுறை தெரிந்த மனிதர். கேட்டால் சரியான பதிலைச் சொல்லித்தான் பழக்கம். "இந்த மைதானத்துக்குக் கூடாரம் கொடுத்தாச்சுன்னு மேலிடத்துக்கே சொல்லிட்டோம் சார்," என்றார். "இப்ப மைதானத்துல இருக்கறது இது ஒண்ணுதான். இதைப் பிரிச்சு எடுத்துட்டுப் போனா அந்த நன்றி பொய்யாயிடும். நேரடி ஒளிபரப்பு வேற."

இயக்குநர் கேமராவைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், மறுபடி கேமராவைப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து, "இது உங்கள் கூடாரம்," என்றார்.

அவர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். நாங்கள் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. பாயும் பாத்திரமும் மூட்டையுமாகத் தெரு மொத்தமும் உள்ளே போனது. குழந்தைகளுக்கு ஜமுக்காளத்தில் இடம் பிடித்தோம், வயதானவர்களை நாற்காலிகளில் உட்கார வைத்தோம். நர்சம்மா மேடை மேஜையைக் காலி செய்து தன் பெட்டியை அதன்மேல் வைத்தார். யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பம் உள்ளே வர வர ஒவ்வொரு பிரிவு வெளியே போக வேண்டியதாயிற்று. முதலில் அதிர்ச்சி போனது, பிறகு வருத்தம். கண்காணிப்பாளர் அம்மாள் மட்டும் போகிற வழியில் தன் சால்வையை எடுத்து மகளின் மேல் போர்த்திவிட்டுப் போனார். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவருடைய துறைக்கு இன்னும் தெரியாது.

இயக்குநர் கடைசியாகப் போனார். பூட்டுக்காரர் மரியாதைக்குக் கார் வரைக்கும் கூடவே நடந்தார். அதற்குள் அடுத்த தெருக்காரர் ஒருவர் காரை மறித்துக்கொண்டு, "சார், எங்க தெருவுலயும் எல்லாரும் நன்றி சொல்லத் தயாரா இருக்கோம். விழாவுக்கு எப்ப வர்றீங்க?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். இயக்குநர் பதில் சொல்லாமல் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்ணாடியை இறக்கிப் பூட்டுக்காரரைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கூடாரத்தைக் கொடுத்திருக்கோம்," என்றார் மனத்தாங்கலோடு. "ஒரு வார்த்தை நன்றி சொல்லக் கூடாதா?"

"அதான் முன்னாடியே சொல்லிட்டேனே சார்," என்றார் பூட்டுக்காரர். "அதுலயே கழிச்சுக்குங்க."